பனையோலைக் கூடைக்கு அமெரிக்காவில் 41 டொலர் கேட்கிறார்கள்: சிறு பொதிகளை இனி எப்படி அனுப்புவது?

சல்லிக்கரை (2025 ஒக்டோபர் 18)

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் வசிக்கிறேன். எங்கள் ஊரில் ஆறு பெண்கள் சேர்ந்து பனையோலையில் மூடிக் கூடை, பெட்டி, சுளகு முதலியவற்றை இழைத்து விற்று வருகிறோம். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்களும் நிலாவெளிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் வாங்குவதுண்டு என்றாலும், அந்த வியாபாரம் பருவத்தோடு முடிந்துவிடும். கடந்த இரண்டு ஆண்டுகளாக எங்களைத் தாங்கி நிற்பது வெளிநாட்டு ஓடர்கள்தான். டொரொன்டோவில் இருக்கும் என் அக்காவின் மகள் இன்ஸ்டகிராமில் படங்களைப் போடுகிறாள். மாதம் எட்டு, பத்துப் பொதிகள் போகின்றன. அவற்றில் பாதி அமெரிக்காவுக்கு.

செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் நியூ ஜேர்சியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று கூடைகள் கொண்ட ஒரு தொகுதியைத் தனியார் கூரியரில் அனுப்பினேன். கூடைகளின் விலை 48 டொலர், அனுப்பும் செலவு 32 டொலர். பற்றுச்சீட்டில் வழக்கம் போல "80 டொலர், அனுப்பும் செலவு உட்பட" என்றே எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். பொதியைக் கையில் கொடுப்பதற்கு 41 டொலர் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. தீர்வை என்று 20 டொலருக்குச் சற்று மேல், மிச்சமெல்லாம் கையாளும் கட்டணம். 48 டொலர்ப் பொருளுக்கு 41 டொலர் கட்ட யாருக்குத்தான் மனம் வரும்? அவர் மறுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இப்போது கூரியர்காரர், திருப்பி எடுப்பதானால் அந்தச் செலவை நான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொதியை அங்கேயே அழித்துவிடுவோம் என்கிறார். குருத்தோலையைச் சாயத்தில் அவித்து, முற்றத்தில் நிழல் பார்த்துக் காயவைத்து, ஓலையை வார்ந்து ஐந்து நாள் இருந்து இழைத்த கூடைகள் அவை.

முன்பு இப்படி ஒருவரும் ஒரு சதம் கேட்டதில்லை. இப்போது என்ன மாறியிருக்கிறது? "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்பினால் தீர்வை இல்லை என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா? சிலர் கூடையோடு இந்தியாவிலிருந்து வரும் சேலையையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். அதில் சிக்கல் உண்டா? அல்லது அமெரிக்காவையே விட்டுவிட்டுக் கனடா, லண்டன் என்று பார்ப்பதுதான் நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உவர்மலைக் கணக்கர் (2025 ஒக்டோபர் 18)

தங்கைக்கு வணக்கம். நான் கொழும்பில் ஒரு சுங்க முகவர் நிலையத்தில் நீண்ட காலம் பணியாற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் குறைந்த பெறுமதிப் பொதிகளுக்குத் தீர்வை விலக்கு நெடுங்காலமாக இருந்தது. 2016 இல் அந்த எல்லையை 200 டொலரிலிருந்து 800 டொலராக உயர்த்தினார்கள். உங்கள் கூடைகள் இதுவரை கேள்வியின்றிப் போனது அந்த வாசல் வழியாகத்தான். 2024 நிதியாண்டில் மட்டும் ஏறக்குறைய 136 கோடிப் பொதிகள் அப்படி நுழைந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து. இந்த ஆண்டு மே 2 ஆந் திகதி சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் அந்த வாசலை மூடினார்கள். ஓகஸ்ட் 29 இல் எல்லா நாடுகளுக்கும் மூடிவிட்டார்கள். சீனாவின் பெரிய வணிகத்தளங்களுக்கு வைத்த குறி சாம்பல்தீவுக் கூடையிலும் பட்டது. சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். வாசலை மூடிய அமெரிக்க ஜனாதிபதியின் கட்டளையை நீதிமன்றம் என்ன செய்தாலும், அந்த விலக்குக்கு அடிப்படையான சட்டப் பிரிவையே 2027 ஜூலை 1 முதல் நீக்குவதற்கு இந்த ஜூலையில் நிறைவேறிய அவர்களுடைய சட்டத்தில் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

இந்த ஆண்டு அமெரிக்கா நாட்டுக்கு நாடு வெவ்வேறாக விதித்த மேலதிகத் தீர்வை, இலங்கைப் பொருளுக்கு ஏப்ரலில் 44 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டு, ஜூலையில் 30 ஆகக் குறைந்து, ஓகஸ்டில் 20 சதவீதமாக நடைமுறைக்கு வந்தது. உங்கள் கூடைக்கு இப்போது பொருந்துவது அந்த 20 தான்.

உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்று பற்றுச்சீட்டில் இருக்கிறது. அமெரிக்கச் சுங்கம் தீர்வையைக் கணிப்பது பொருளின் விலைக்கு; வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கப்பல், விமானச் செலவுக்கு அல்ல. ஆனால் அந்தச் செலவு பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால்தான் அதைக் கழிப்பார்கள். நீங்கள் "80 டொலர், அனுப்பும் செலவு உட்பட" என்று ஒரே தொகையாக எழுதியதால், 48 க்குப் பதிலாக 80 க்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 80 இல் 20 சதவீதம் 16 டொலர். 48 இல் 9 டொலர் 60 சதம். இணையத்தில் விற்கும் எல்லோரும் "அனுப்பும் செலவு இலவசம்" என்று எழுதுவதைப் பார்த்து நாமும் எழுதுகிறோம். சுங்கத்தின் முன் அந்த இலவசத்துக்கும் தீர்வை உண்டு.

அப்படியானால் 16 டொலர் எப்படி 20 க்கு மேல் ஆனது என்று கேட்பீர்கள். அது கூரியர் வழியாகப் போனதன் விளைவு. கூரியரில் போகும் பொதிக்கு அந்த 20 சதவீதத்துடன், அந்தப் பொருள் வகைக்கு முன்பிருந்தே உள்ள சாதாரணத் தீர்வையும் சேரும். பருத்தி ரீ-சேர்ட் என்றால் சாதாரணத் தீர்வையே 16.5 சதவீதம், கூடைக்கு அவ்வளவு இல்லை, இருந்தாலும் உண்டு. அதற்கு மேல் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் கட்டணத்தைக் கூரியர் நிறுவனம் தன் கணக்கில் போடும். பொருள் 48 டொலரானாலும் 480 டொலரானாலும் அந்தக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். சிறு வியாபாரியைக் கடிப்பது சதவீதத்தைவிட இந்தக் கட்டணமே என்பது என் கருத்து.

தபால் வழியில் போகும் பொதிக்கு ஒழுங்கு வேறு. அங்கே இப்போதைக்குச் சாதாரணத் தீர்வை சேராது. நாட்டுக்குரிய சதவீதம் மட்டும்தான். ஆனால் அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆறு மாத காலத்துக்கு, அதாவது 2026 பெப்ரவரி 28 வரைக்கும், சதவீதத்துக்குப் பதிலாகப் பொதிக்கு ஒரு நிலையான தொகை என்ற முறையையும் அனுமதித்திருக்கிறார்கள். நாட்டின் தீர்வை 16 சதவீதத்துக்குக் குறைவென்றால் 80 டொலர், 16 முதல் 25 வரை 160 டொலர், அதற்கு மேல் 200 டொலர். நமக்கு 20 சதவீதம் என்பதால் 160. ஒரே கூடைத் தொகுதிக்கு ஒரு முறையில் 9 டொலர் 60 சதம், மற்ற முறையில் 160 டொலர். எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது தீர்வையை அறவிட்டுச் செலுத்தும் நிறுவனம். நீங்களோ வாங்குபவரோ அல்ல. ஆகையால் பொதியை ஒப்படைக்கும் முன் "தீர்வையை இங்கேயே முற்பணமாகக் கட்ட முடியுமா, அது பெறுமதியின் சதவீதமா, நிலையான தொகையா" என்று கவுண்டரில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். இந்த அறவீட்டு ஒழுங்கு சரிவராமல்தான் 88 தபால் துறைகள் அமெரிக்கச் சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஓகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குப் போன தபால் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்ததைவிட 81 சதவீதம் குறைந்தது என்று சர்வதேச தபால் ஒன்றியம் சொன்னது. இந்தியத் தபால் துறை ஓகஸ்ட் 25 இல் நிறுத்தி, மூன்று நாள் முன்பு, ஒக்டோபர் 15 இல் தான் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

---

கிண்ணியாத் துறை (2025 ஒக்டோபர் 19)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கணக்கர் ஐயா எழுதியது பயனுள்ளது. ஆனால் நடைமுறையில் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் பன்பாய் விற்பவர்கள். பாயைச் சுருட்டினால் நீளமான உருளை. எடை ஒன்றரைக் கிலோ கூட வராது. ஆனால் கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை; நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து, எது கூடவோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். 40 க்கு 30 க்கு 25 என்ற பெட்டி 6 கிலோ என்று வரும். உள்ளே 1 கிலோ 200 கிராம் கூடைதான் இருக்கும். கூடை என்பது காற்றை விற்பது போன்ற வியாபாரம், சகோதரி. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில் இழைத்து, மூடிகளைத் தனியே அடுக்கி வைத்தால் பெட்டியின் உயரம் பாதியாகும். நீங்கள் 32 டொலர் கொடுத்ததில் எவ்வளவு காற்றுக்குப் போனது என்று ஒரு முறை அளந்து பாருங்கள்.

மற்றது, அன்பளிப்பு விடயம். நேர்மையாகச் சொல்கிறேன், இங்கே பலர் "கிஃப்ட்" என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். நானும் முன்பு எழுதியிருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏழைப் பெண்கள் இழைத்த கூடைக்கு வல்லரசு ஒன்று வரி வாங்கும்போது, நாம் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் அது அவ்வளவு பெரிய குற்றமா?

---

உவர்மலைக் கணக்கர் (2025 ஒக்டோபர் 19)

தம்பி, பெட்டி அளவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அது நான் எழுத மறந்தது. ஆனால் இரண்டாவதில் உங்களோடு உடன்பட மாட்டேன்.

அன்பளிப்புக்கு விலக்கு உண்மையில் இருக்கிறது. 100 டொலருக்கு மேற்படாத, ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்குக் காசு வாங்காமல் அனுப்பும் பொருள் அமெரிக்காவில் இன்றும் தீர்வையின்றி நுழையலாம். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தங்கைக்கு நீங்கள் தைப்பொங்கலுக்கு ஒரு சுளகு அனுப்பினால் அது அன்பளிப்பு. இன்ஸ்டகிராமில் விலை போட்டு, வங்கியில் காசு வாங்கி அனுப்புவது விற்பனை. முன்பு ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். முன்பு 800 டொலர் வரை எப்படியும் தீர்வை இல்லாதபோது அந்தச் சொல்லை யாரும் கிளறிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது அந்த ஒரு சொல்லில்தான் காசு இருக்கிறது. ஆகவே அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடையின் பெயர் அச்சிட்ட துண்டு, விலைச்சீட்டு, ஒரே மாதிரி மூன்று கூடை ஆகியவை பெட்டிக்குள் இருந்தால் போதும். பிடிபட்டால் தண்டமோ பறிமுதலோ உங்கள் வீட்டுக்கு வராது. பொதியைப் பெறுபவரின் பெயரில்தான் விழும். உங்களை நம்பிக் காசு அனுப்பியவரை அப்படி மாட்டிவிடலாமா? தீர்வை நியாயமா என்பது வேறு கேள்வி. அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

தங்கை கேட்ட சேலைக்கு வருகிறேன். தீர்வை பார்ப்பது பொருள் எங்கே உற்பத்தியானது என்பதை. எங்கிருந்து தபாலில் போட்டீர்கள் என்பதை அல்ல. காஞ்சிபுரத்தில் நெய்த சேலையைத் திருகோணமலையில் வாங்கி, இங்கே குஞ்சம் கட்டி, ஓரம் அடித்து அனுப்பினாலும் அது இந்தியப் பொருள்தான். இந்தியப் பொருளுக்கு ஓகஸ்ட் 27 முதல் 50 சதவீதம். 100 டொலர்ச் சேலைக்கு 50 டொலர். அதைக் கூடையோடு ஒரே பெட்டியில் வைத்து "இலங்கை" என்று எழுதினால் பொய்ப் பிரகடனம்; உண்மையை எழுதினால், ஒரே பொதியில் இரண்டு நாட்டுப் பொருள் என்று கணக்குச் சிக்கி, உங்கள் கூடையும் சேர்ந்து தாமதமாகும். அமெரிக்காவுக்குச் சேலையைக் கலக்காதீர்கள். மாறாக, அச்சிட்ட புத்தகங்களுக்கு இந்த மேலதிகத் தீர்வை இல்லை. யாராவது ஊர்ப் புத்தகங்கள் கேட்டால் தயங்காமல் அனுப்பலாம்.

இன்னொன்று. முன்பு 800 டொலருக்குள் நிற்க வேண்டும் என்று பெரிய ஓடர்களைச் சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரித்து அனுப்பும் பழக்கம் இருந்தது. இப்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். ஒரே வாடிக்கையாளர் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று கேட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே பொதியாக அனுப்புங்கள். 96 டொலருக்கு 19 டொலர் 20 சதம் தீர்வை வரும். ஆனால் கையாளும் கட்டணம் ஒரு தடவைதான்.

---

ஸ்காபரோவில் ஒரு திருமலையான் (2025 ஒக்டோபர் 21)

வணக்கம். நான் மட்டிக்களியில் பிறந்து, இப்போது கனடாவில் இருப்பவன். வாங்குகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அமெரிக்காவை விட்டுவிட்டு மற்ற நாடுகளுக்குத் திரும்பினால் வரியே இல்லை என்று எண்ண வேண்டாம். கனடாவில் தபாலில் வரும் பொருளுக்குத் தீர்வையும் வரியும் இல்லாத எல்லை 20 கனேடிய டொலர் மட்டுமே, அன்பளிப்புக்கு 60. உங்கள் 48 அமெரிக்க டொலர்த் தொகுதி அதைத் தாண்டும். ஒன்ராறியோவில் 13 சதவீத விற்பனை வரி, அதோடு தபால் துறையின் கையாளும் கட்டணம். ஆனால் இது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. கதவில் ஒட்டிய சீட்டைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. உங்கள் நியூ ஜேர்சி வாடிக்கையாளரைக் கோபப்படுத்தியது தொகை மட்டுமல்ல, அது முன்னறிவிப்பின்றி வந்தது என்பதும்தான் என்று நினைக்கிறேன். "தீர்வை வாங்குபவர் பொறுப்பு, ஏறக்குறைய இவ்வளவு வரும்" என்று காசு வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

பிரித்தானியாவில் 135 பவுணுக்கு உட்பட்ட பொதிக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 2021 இலிருந்து 20 சதவீதப் பெறுமதி சேர் வரியை விற்கும்போதே விற்பவர் அறவிட்டு அங்கே செலுத்த வேண்டும் என்பது விதி. வணிகத்தளம் ஒன்றின் வழியாக விற்றால் அந்தப் பொறுப்பு தளத்தினுடையது. ஆகவே லண்டன் ஓடர்களுக்கு அந்த வழி உங்களுக்கு இலகு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரை சுங்கத் தீர்வை இல்லை. 22 யூரோ வரை இருந்த பெறுமதி சேர் வரி விலக்கு 2021 ஜூலை 1 இல் போய்விட்டது. எனவே பாரிசுக்கு ஒரு சின்னப் பெட்டி அனுப்பினாலும் வரி உண்டு.

பெரிய ஓடர் என்றால் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் இறக்குமதித் தீர்வைச் சலுகை உண்டு. பாரிசில் ஒரு கடைக்காரர் 600 யூரோவுக்குக் கூடை கேட்டால், இலங்கையில் உற்பத்தியானது என்ற உரிய வாசகத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவதன் மூலம் அந்தச் சலுகையைக் கோரலாம். 6000 யூரோ வரையான சரக்குக்கு ஏற்றுமதியாளராகப் பதிவு செய்திருக்கவும் தேவையில்லை.

---

சல்லிக்கரை (2025 நவம்பர் 20)

கணக்கர் ஐயாவுக்கும் கிண்ணியாச் சகோதரருக்கும் ஸ்காபரோ அண்ணாவுக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரி தொடங்கிவிட்டதால் ஓலை காயவைப்பதே பெரும் பாடாக இருக்கிறது.

நியூ ஜேர்சிப் பெட்டியைத் திருப்பி எடுக்கவில்லை. திருப்பும் செலவு கூடையின் விலையைவிட அதிகம் என்று தெரிந்ததும் கைவிட்டோம். அதை இழைத்த அன்ரிக்கு அவருடைய கூலியை நாங்கள் ஐந்து பேரும் பகிர்ந்து கொடுத்தோம்.

பற்றுச்சீட்டை மாற்றிவிட்டேன். இப்போது பொருளின் விலை ஒரு வரியில், அனுப்பும் செலவு இன்னொரு வரியில். கிண்ணியாச் சகோதரர் சொன்னபடி பெட்டியை அளந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. மூடியைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் 25 சென்ரிமீற்றர் உயரப் பெட்டி 14 இல் அடங்குகிறது. 6 கிலோ என்று வந்தது 3 கிலோ 360 கிராமாகக் குறைந்துவிட்டது. அமெரிக்க ஓடர்களை மாதம் ஒரு முறை மட்டும் எடுக்கிறோம். 90 டொலருக்குக் குறைந்தால் எடுப்பதில்லை. தீர்வைத் தொகையை முன்கூட்டியே எழுதி, சம்மதம் வந்த பிறகே ஓலையை வெட்டுகிறோம். ஐந்து பேரிடம் கேட்டதில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். மூன்று பேர் பதிலே எழுதவில்லை.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. சுங்கப் படிவத்தில் சுளகை எப்படி எழுதுவது? "கைப்பணிப் பொருள்" என்று எழுதியதற்குக் கவுண்டரில் இருந்தவர் அது போதாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

---

உவர்மலைக் கணக்கர் (2025 நவம்பர் 20)

அவர் திருப்பித் தந்தது நல்லதே, தங்கை. "கைப்பணிப் பொருள்", "அன்பளிப்புப் பொருள்", "மாதிரி" போன்ற பொதுச் சொற்களால்தான் பொதிகள் அங்கே முடங்குகின்றன.

பனையோலையில் நேரடியாக வடிவம் கொடுத்து இழைத்த கூடை, பெட்டி, சுளகு மூன்றும், சுங்கத்தில் பொருட்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் சர்வதேச முறையான எச்.எஸ். வகைப்பாட்டில் 4602.19 இல் வரும். கிண்ணியாத் தம்பியின் பாய் அதில் வராது, பாய் 4601. சுளகு என்றால் என்னவென்று நியூ யோர்க்கில் இருக்கும் அலுவலருக்குத் தெரியாது. அதை வெறும் "தட்டு" என்று எழுதினால் பீங்கானா, பிளாஸ்டிக்கா என்று கேட்பார். "பனையோலையால் கையால் இழைத்த, தானியம் புடைக்கும் தட்டு, புதியது, 2 எண்ணிக்கை, உற்பத்தி இலங்கை" என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றின் விலையையும் எடையையும் தனித்தனியே போடுங்கள். மாரிக் காலம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓலையில் ஈரமோ பூஞ்சணமோ பூச்சியோ இருந்தால் தாவரப் பொருள் என்று தனியாக நிறுத்துவார்கள். நன்றாகக் காயாத சுளகை டிசெம்பரில் அனுப்பாதீர்கள்.

---

ஸ்காபரோவில் ஒரு திருமலையான் (2025 நவம்பர் 20)

பாரிஸ் ஓடர்களைப் பற்றி ஒரு சிறு திருத்தம். நான் எழுதிய 150 யூரோ விலக்கையும் நீக்குவதற்கு ஐரோப்பிய ஒன்றிய நிதி அமைச்சர்கள் கடந்த வாரம், நவம்பர் 13 இல் உடன்பட்டுவிட்டார்கள். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கான விலைப்பட்டியலை அச்சிடுவதாக இருந்தால், ஐரோப்பிய விலைகளை மட்டும் இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வையுங்கள்.